மழை விட்டதும் ரோட்டோரம் திடீர் பள்ளம்... மண் கொட்டி மூடினா சரியாகிடுமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சொல்லும் பாடம்!

ராத்திரி முழுக்க மழை. காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பினால், நேற்று வரை நன்றாக இருந்த சாலையின் ஓரத்தைக் காணோம். மேலே தார் மட்டும் தகடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் மண் இருக்காது. ரெண்டு லோடு மண்ணைக் கொட்டி மூடுவார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் முன்பைவிடப் பெரிய பள்ளம்.

சென்னையைச் சுற்றி வேகமாக வளரும் பகுதிகளில் இது பழகிப்போன காட்சி. "மழை ஜாஸ்தி, அதான் மண்ணு அரிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மழை இதில் பாதிக் காரணம்தான். பெய்த தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது மீதிப் பாதி. அந்தப் பாதி மனிதர்கள் கையில் இருக்கிறது.

தொழிற்சாலைகள், குடோன்கள், தொழிலாளர் விடுதிகள், புது மனைப்பிரிவுகள் என நிறைந்துவரும் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியை வைத்து, இந்த ஓடை அரிப்பு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பதைப் பார்க்கலாம்.

பள்ளம் எப்படி உருவாகுது?

மண் அரிப்பு ஒரே நாளில் பள்ளமாக மாறுவதில்லை. அது மூன்று படிகளில் நடக்கிறது.

முதலில், வெறும் தரையில் விழும் மழைத்துளி மண்ணை உடைத்துத் தெறிக்க வைக்கிறது. மேல்மண் மெல்லிய படலமாகக் கழுவிப் போகிறது. இது கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் செந்நிறமாக ஓடுவதுதான் ஒரே அடையாளம்.

அடுத்து, தண்ணீர் தாழ்வான இடங்களில் சேர்ந்து விரல் அகலத்துக்குக் கோடு கோடாக மண்ணைக் கீறுகிறது. இந்தக் கட்டத்தில் ஒரு மண்வெட்டியால் சரி செய்துவிடலாம்.

மூன்றாவது கட்டம்தான் ஆபத்து. பல கோடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழியாகப் பாயும்போது, தண்ணீர் அந்த இடத்தை ஆழமாக அறுக்கிறது. அரை மீட்டருக்கு மேல் ஆழமாகிவிட்டால் அதைத்தான் நிபுணர்கள் ஓடை அரிப்பு என்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பள்ளம் வளர்வது தண்ணீர் ஓடும் திசைக்கு எதிராக! பள்ளத்தின் மேல் முனையில் தண்ணீர் குட்டி அருவி போல விழுகிறது. விழும் இடத்தில் அடிமண்ணைத் தோண்டுகிறது. பிடிப்பு இல்லாமல் மேல்மண் சரிகிறது. முனை இன்னும் கொஞ்சம் மேட்டுப் பக்கம் நகர்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இதே கதைதான். இன்று சாலைக்குக் கீழே பத்தடி தள்ளி இருக்கும் பள்ளம், ரெண்டு பருவமழை தாண்டினால் சாலையையே தொட்டுவிடலாம்.

இந்தப் பகுதி மண்ணில் என்ன பிரச்சினை?

ஒரகடம் பக்கம் நிற்பவருக்கு நிலம் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் இது ஏரி, ஓடை, தாழ்வான வெள்ளச் சமவெளி எல்லாம் கலந்த நிலம். இங்கே கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. கோடையில் தரை காய்ந்து, புல் கருகி, களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதன் மேல் திடீரென ஒரே நாளில் பத்து, இருபது சென்டிமீட்டர் மழை கொட்டும். மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாத நேரத்தில், வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் எலி வளை மாதிரி துளை போடுகிறது. கொஞ்ச நாளில் அந்தத் துளையின் கூரை இடிந்து விழுகிறது. "திடீர் பள்ளம்" என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இப்படி அடியிலேயே தயாராவதுதான்.

வட தமிழகத்தின் இந்த வகை நிலம் மழைக்கு அறுபடும் என்பதற்குப் பழைய சாட்சி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் ஆகியோர் ஆதிமனிதர்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். மழைநீர் அறுத்த ஓடைப் பள்ளங்களில்தான் அங்கே கற்கருவிகள் மேலே தெரிய வந்தன. அங்கே அது இயற்கையாக, மிக நீண்ட காலத்தில் நடந்தது. கட்டுமானம் நடக்கும் இடத்தில் அதே வேலை சில பருவமழைகளில் முடிந்துவிடும்.

அதற்கு ஒரு காரணம் சவுடு மண். தாழ்வான மனையை உயர்த்த லாரி லாரியாகக் கொட்டப்படும் இந்த மண்ணை, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு, அடுக்கடுக்காக இறுக்கினால்தான் நிற்கும். அப்படியே கொட்டிவிட்டுப் போனால் முதல் கனமழையே அதைக் கரைத்துக் கொண்டுபோய்விடும்.

கூரையும் கான்கிரீட்டும் வந்தா என்ன மாறும்?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஏக்கர் கூரை மீது 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். 100 ஏக்கர் பரப்பு முழுவதும் கூரை, கான்கிரீட், தார் என்றாகிவிட்டால், 10 சென்டிமீட்டர் மழைக்குச் சுமார் 4 கோடி லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 3,300 லாரிக்கு மேல் வரும்!

அதே 100 ஏக்கர் முன்பு புல்வெளியாகவோ, வயலாகவோ இருந்தபோது இதில் கணிசமான பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மீதியும் வரப்பு வரப்பாக நின்று, மெதுவாகத்தான் வெளியேறியிருக்கும். இப்போது கிட்டத்தட்ட மொத்தமும், கொஞ்ச நேரத்திலேயே, ஒன்றிரண்டு குழாய் வழியாக வெளியே பாய்கிறது.

அளவைவிட வேகம் இன்னும் மோசம். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்கிறது ஆற்றியல் பாடம். வடிகாலுக்குள் கான்கிரீட் வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் வேகமெடுக்கிறது. வடிகால் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அந்த வேகம் முழுவதும் மண் மீது இறங்குகிறது. அதனால்தான் சிறுபாலத்தின் வாய், வடிகாலின் கடைசி முனை, காம்பவுண்டு சுவரில் விட்ட ஓட்டை ஆகிய இடங்களில் முதலில் பள்ளம் விழுகிறது.

மேட்டில் இருப்பவர் தன் இடத்தில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். பள்ளம் விழுவது கீழே இருப்பவரின் தெருவில்.

ஏரின்னா வெறும் தண்ணித் தொட்டியா?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு மாவட்டங்களில் நீர்வளத்துறை பராமரிப்பில் உள்ளவை மட்டும் 909 ஏரிகள். இவற்றைப் பாசனத்துக்கு வெட்டியவை என்று மட்டுமே நினைக்கிறோம். மண் அரிப்பைத் தடுப்பதிலும் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

மாடியிலிருந்து ஒரே சறுக்கில் இறங்கினால் வேகம் அதிகம். படிக்கட்டு வழியாக இறங்கினால் வேகம் கட்டுக்குள் இருக்கும். ஏரிச் சங்கிலி என்பது நிலத்துக்குக் கட்டிய படிக்கட்டு. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, வரத்துக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியில் போய் நிற்கும். ஒவ்வொரு ஏரியிலும் தண்ணீர் தன் வேகத்தை இழக்கிறது, கொண்டு வந்த மண்ணைக் கீழே விடுகிறது. தண்ணீர் விழும் கலங்கலில் கல் பதித்து வைத்ததும் இதற்காகத்தான். விழும் நீரின் அடியைக் கல் வாங்கிக்கொள்ளும், மண் தப்பிக்கும். கரை மேல் பனை மரம் நட்டதும் மண்ணைப் பிடித்து வைக்கத்தான்.

இந்தப் படிக்கட்டில் ஒரு படியை எடுத்துவிட்டால்? வரத்துக் கால்வாய் மேல் சாலை போட்டு, சின்னக் குழாய் ஒன்றை மட்டும் வைத்தால் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். கால்வாயை மொத்தமாக மூடிவிட்டால் அது தனக்கென்று ஒரு புது வழியை வெட்டிக்கொள்ளும். அந்தப் புது வழிதான் நாம் பார்க்கும் பள்ளம்.

அரிச்ச மண் எங்கே போகுது?

ஒரகடத்துக் காரர் பிரச்சினைதானே என்று சென்னைவாசிகள் இதை ஒதுக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் பகுதி ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. 3.645 டிஎம்சி கொள்ளளவு கொண்ட அந்த ஏரி, சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் முக்கியமானது. மேலே அரித்த ஒவ்வொரு லோடு மண்ணும் வழியில் உள்ள ஏதோ ஒரு ஏரியில் வண்டலாகப் படிகிறது. மண் படிந்த அளவுக்குத் தண்ணீர் நிற்க இடம் குறையும். கோடையில் குடிநீர் குறையும், மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கும் இடமும் குறையும்.

ஒரகடத்துக்குக் கிழக்கே உள்ள ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து நீர், அடையாறு ஆற்றுக்குப் போகிறது. அந்த வழியில்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. 2015 டிசம்பர் 1 - 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல ஏரிகளின் கரைகள் உடைந்தன. செம்பரம்பாக்கத்தில் இருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய மழையை எந்தக் கட்டமைப்பும் முழுசாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் மண் நிறைந்த ஏரியும், அரித்துப்போன கரையும் அதைவிடச் சின்ன மழைக்கே கைவிட்டுவிடும்.

கவனிக்காம விட்டா எவ்வளவு தூரம் போகும்?

ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசு இதற்கு உதாரணம். அங்குள்ள 26 நகரங்களில் 2,922 ஓடைப் பள்ளங்கள் இருப்பதாக 2025-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வீடுகளை விழுங்கும் அந்தப் பள்ளங்களால் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்திருப்பதாகவும் அது மதிப்பிட்டது. வடிகால் வசதி இல்லாமல் வேகமாக வளர்ந்த நகரங்களும், தண்ணீரை ஒரே வழியில் திருப்பிவிடும் சாலைகளும்தான் அங்கே முக்கியக் காரணம்.

அங்குள்ள மணற்பாங்கான சரிவுகள் வேறு, இங்குள்ள சமவெளி வேறு. அந்த அளவுக்கு இங்கே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் வேலை செய்யும் விதம் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மண் கொட்டி மூடினா என்ன தப்பு?

பள்ளம் என்பது நோயின் அறிகுறி மட்டும்தான். மேலே இருந்து வரும் தண்ணீரின் அளவும் வேகமும் அப்படியே இருக்கும்போது, புதுசாகக் கொட்டிய தளர்வான மண் பழைய மண்ணைவிடச் சீக்கிரம் கரையும். கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதும் உதவாது. தண்ணீர் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டு போய் பக்கவாட்டில் புதுப் பள்ளம் தோண்டும். குப்பையைக் கொட்டினால் அது அடுத்த சிறுபாலத்தில் போய் அடைத்துக்கொள்ளும்.

அப்போ என்னதான் தீர்வு?

நீர்ப்பிடிப்புப் பகுதி வேலைகளில் பொறியாளர்கள் சொல்லும் விதி ஒன்றுதான்: மேட்டில் ஆரம்பித்து பள்ளத்துக்கு வா.

*1. மேட்டிலேயே நிறுத்துவது:* தொழிற்சாலை, குடோன் வளாகங்களுக்குள்ளேயே குளம் அல்லது தொட்டி அமைத்து மழைநீரைத் தேக்கி, சின்னக் குழாய் வழியாகப் பல மணி நேரத்தில் மெதுவாக வெளியே விட வேண்டும். மழைக்கு முன் அந்தக் குளம் காலியாக இருப்பது முக்கியம். நிரம்பிய குளம் அடுத்த மழையைத் தாங்காது.

*2. வேலை நடக்கும் மனை:* மொத்த நிலத்தையும் ஒரே நேரத்தில் சுரண்டிப் போடாமல், கட்டப்போகும் பகுதியை மட்டும் திறக்கலாம். அக்டோபருக்கு முன் வெறும் சரிவுகளில் புல் விதைக்கலாம். வைக்கோல் அல்லது தென்னை நார் விரிப்பு போட்டாலே மழைத்துளியின் அடி குறையும்.

*3. வடிகால் முடியும் இடம்:* குழாயை அந்தரத்தில் விடாமல் தரை மட்டத்துக்கு இறக்க வேண்டும். அதன் வாயில் பெரிய கற்களைப் பரப்பி, வழியை விசிறி போல அகலப்படுத்த வேண்டும். உயர வித்தியாசம் அதிகமென்றால் படிப்படியாக இறக்க வேண்டும்.

*4. ஏற்கெனவே விழுந்த பள்ளம்:* முதலில் மேல் முனைக்கு வரும் தண்ணீரைத் திருப்ப வேண்டும். செங்குத்தாக நிற்கும் முனையைச் சரிவாக்கி, கல் பதிக்க வேண்டும். பிறகு பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன கல் தடுப்புகள். கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிமட்டத்துக்குச் சமமாக வருவது போல இடைவெளி விட வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்கட்டும். அப்போதுதான் தண்ணீர் நடுவில் வழியும், கரையைக் குடையாது. பெரிய பள்ளங்களுக்குக் கம்பி வலைக்குள் கல் அடுக்கிய தடுப்புகள் தேவைப்படும். அதற்குப் பொறியாளர் வடிவமைப்பு கட்டாயம்.

*5. வேர் போடும் வேலை:* வெட்டிவேர் இதில் கில்லாடி. கடலூர் பக்கம் பயிராகும் இந்தப் புல்லின் வேர் நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூட நேராக இறங்கும். நெருக்கமாக வரிசையாக நட்டால் அதுவே மண்ணைப் பிடிக்கும் வேலியாகிவிடும். ஏரிக் கரைகளுக்குப் பனை. 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கலாம்.

*6. படிக்கட்டை மீட்பது:* மேலே சொன்ன ஐந்தும் செய்துவிட்டு வரத்துக் கால்வாயை மூடியே வைத்திருந்தால் பலன் இல்லை. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவிலான வழி திறந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டுமானப் பரப்பு கொண்ட கட்டுமானத் திட்டங்களுக்கு முன்அனுமதி தேவை. மேல்மண்ணைத் தனியே சேமித்து வைப்பது, மழைநீரை நிர்வகிப்பது போன்றவை இத்தகைய அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள். 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குகின்றன. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டமும் இருக்கிறது.

விதி காகிதத்தில் இருந்தால் மண் நிற்காது. அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் காட்டிய குளம், மழைக்காலத்தில் தரையில் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

எதையெல்லாம் பார்த்தா உஷாராகணும்?

* சாலை ஓரத்துக்கு இணையாக நீளவாக்கில் விரிசல்
* மின்கம்பம், சுவர், மரம் ஒரு பக்கமாகச் சாய்வது
* மரத்தின் வேர், கேபிள், குடிநீர்க் குழாய் வெளியே தெரிவது
* ஏரிக் கரையின் வெளிப்பக்கம் கலங்கலான நீர் கசிவது
* தேங்கிய நீர் ஒரே இடத்தில் சுழன்று உள்ளே இறங்குவது

இப்படி இருந்தால் விளிம்பில் நிற்கவோ, பைக் நிறுத்தவோ கூடாது. சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடும்போது அடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது. இறங்காமல் இருப்பதே நல்லது.

யாரிடம் சொல்வது?

இடத்தைப் பொறுத்து துறை மாறும். பாசனப் பரப்பு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத்துறை வசம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் வசம். சிங்கப்பெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலை, வண்டலூர் - வாலாஜாபாத் சாலை ஆகியவை மாநில நெடுஞ்சாலைகள். சென்னை - பெங்களூரு சாலை தேசிய நெடுஞ்சாலை. தொழிற்பூங்காவின் உள்சாலைகளுக்கு சிப்காட் திட்ட அலுவலகம்.

எந்தத் துறை என்று குழப்பமாக இருந்தால் முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கரை உடைப்பு போன்ற அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. போட்டோவும், சரியான இடமும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற தகவலும் சேர்த்துக் கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும்.

இதில் நேரமும் முக்கியம். கல் பதிக்க, கால்வாய் தூர்வார, கரையை இறுக்க ஏற்ற காலம் தரை காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள். புல்லும் வெட்டிவேரும் நட ஆடி, ஆவணித் தூறல் போதும். ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு லாரி மண்ணோடு ஓடினால், அந்த மண்ணும் அடுத்த ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.